இன்னைக்கு எத்தனை குடம்?

அந்தக் குடமா? அது தண்ணிக்கு இல்லண்ணே. காத்துக்கு.

உக்காருங்க, சொல்றேன். பையை இப்படிக் குடுங்க. வாரு பிஞ்சது பத்தாதுன்னு ஜிப்பும் போயிருக்கே, இதைத் தூக்கிக்கிட்டா மலையேறி வந்தீங்க? மினி பஸ்ஸு பதினொன்னே காலுக்குத்தான். பதினொன்னே காலுன்னா அவன் பதினொன்னரைக்கு வருவான். அதுக்குள்ள தச்சிரலாம்.

நீங்க ஏதும் பேப்பர்ல பாத்துட்டுக் கேக்குறீகளோ? பாக்கலயா. அதுவும் நல்லதுதான். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. குடத்துக்குப் பக்கத்துல ஒருத்தி நிப்பா. அது நான் இல்ல. என் நாத்தனா. குடத்தை யோசிச்சது நானு, வாங்கியாந்தது நானு, மாட்டுனது நானு. போட்டோவுல நிக்கிறது அவ. சரி, விடுங்க. அதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல நானு.

போன மாசிக் கடைசியில மேக்காட்டுல தீப் பிடிச்சதுண்ணே. நாலு நாளு எரிஞ்சது. ஃபாரஸ்ட்காரக, ஃபயர் சர்வீஸ்காரக, எங்க ஊரு ஆளுக, எல்லாரும் பச்சைக் கொப்பை ஒடிச்சுக்கிட்டுப் போயி அடிச்சாக. மனுச உசுருக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சாம் நாளு அணைஞ்சிருச்சுன்னு எறங்கி வந்துட்டாக. எங்க ஊரு கரும்பாறைக்குடி தப்பிச்சிருச்சுன்னு கோயிலுக்குப் பொங்கல்கூட வச்சாச்சு.

ஆனா தீ அணைஞ்சா புகையும் அணையணும்ல? அதான் இல்ல. பெருமரத்துத் தூரு, வேரு எல்லாம் மண்ணுக்குள்ளயே கங்காக் கெடந்து புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வெயிலு ஏற ஏற புகை மேல போயிரும். வெள்ளன எந்திரிச்சுப் பாத்தா ஊருக்குள்ள வந்து படுத்துக் கெடக்கும். தையல் மெஷினைத் தொடைச்சா துணி கருப்பு. தொண்டையெல்லாம் கரகரன்னு. பச்சைப்புள்ளைகளுக்கு இருமலு. ஊருல ஒரு நாளு புகையைக் காணோம்னாலும் பயம், மறுநாளு பாத்தாலும் பயம். எது பயப்பட வேண்டிய புகை, எது சும்மாப் புகைன்னு ஒருத்தருக்கும் தெரியல.

அப்பத்தான் மதுரையில ஏதோ காலேஜ்ல காத்தைப் பத்திப் படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்துச்சு. ரிஸ்வானான்னு பேரு. வாடின கீரை மாதிரி இருக்கும், ஆனா ஏணியில ஏறுனா எறங்காது. துணைச் சுகாதார நிலையத்து மொட்டை மாடியில ஒரு வெள்ளைப் பெட்டியை வச்சுச்சு. டிபன் கேரியர் தண்டிதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசி காத்துல எம்புட்டு இருக்குன்னு அது எண்ணிச் சொல்லிருமாம். எண்ணு போன்ல வரும். எங்க நர்சம்மா ஜெயசெல்விக்கு வரும். அவுகளுக்கு நாலு ஊரு. ஒவ்வொரு வீடாப் போயி இன்னைக்குக் காத்து எப்படின்னு சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?

அதனால கொடி ஏத்தலாம்னு முடிவாச்சு. காத்து நல்லாருந்தா பச்சை. சுமாருன்னா மஞ்சள். மோசம்னா ஆரஞ்சு. ரொம்ப மோசம்னா சிவப்பு. பாத்தவுடனே எழுதப் படிக்கத் தெரியாதவுகளுக்கும் புரிஞ்சிரும்ல. கொடி தைக்க ஊருல யாரு இருக்கா? சிவனம்மா டெய்லரு. கடைக்கு எதுத்தாப்பலயே கம்பம். தச்சுக் குடுத்ததோட நிக்காம, எண்ணை என் போனுக்கும் வர வச்சு, காலையில பாத்து ஏத்துற வேலையும் என் தலையில விழுந்துச்சு. நர்சம்மா கேட்டாக, மாட்டேன்னா சொல்ல முடியும்?

நீங்க எந்த ஊரு? சிவகாசிப் பக்கமா. அப்ப உங்களுக்குச் சொல்லவே வேணாம். நம்ம நாட்டுல கலர்க் கொடி ஏத்துனா என்னாகும்?

முத நாளு மஞ்சக் கொடி. எந்தச் சாதிச் சங்கம்னு கேட்டு மூணு பேரு வந்துட்டாக. ரெண்டாம் நாளு செவப்பு. ஏலத் தோட்டத்து ஆளுக பாத்துட்டு, ஸ்டிரைக்குன்னு நெனைச்சு வேலைக்கு எறங்கல. கங்காணி வந்து என்கிட்டச் சத்தம் போடுறாரு, நான் என்னமோ கோரிக்கை வச்ச மாதிரி. மூணாம் நாளு ஆரஞ்சு. அதைச் சொல்லவே வேணாம், ஒரு கோஷ்டி வந்து வணக்கம் வச்சு மாலை போட்டுட்டுப் போச்சு, இன்னொரு கோஷ்டி வந்து எறக்குன்னு நின்னுச்சு. நாலாம் நாளு நெசமாவே காத்து நல்லாருந்துச்சு. பச்சையை ஏத்துனேன். "அவுக கொடி மட்டும் என்ன ஒசரத்துல பறக்குது?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. அஞ்சாம் நாளு போலீஸ்காரரு வந்து, அனுமதியில்லாமக் கொடிக்கம்பம் வைக்கக் கூடாதும்மான்னுட்டாரு. "சார், இது காத்துக் கொடி"ன்னேன். "எந்தக் கொடியும் காத்துலதாம்மா பறக்கும்"னாரு.

நர்சம்மா எங்கடையில வந்து தலையில கைவச்சு உக்காந்துட்டாக. "சிவனம்மா, புகையைக்கூட ஊதித் தள்ளிரலாம்போல, இவுகளைத் தள்ள முடியாதுபோல"ன்னாக.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சுண்ணே. கலரே வேணாம். எண்ணிக்கை போதும். ஒரு குடம் தொங்குனா, நல்ல காத்து, அவுக அவுக வேலையைப் பாக்கலாம். ரெண்டு குடம்னா, வயசானவுக, புள்ளத்தாச்சிக, கொழந்தைக, இளைப்பு இருக்கவுக வெளிய வரக் கூடாது. மூணு குடம்னா யாருமே வேணாம், சன்னலைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கணும். போய்த்தான் ஆகணும்னா நர்சம்மா குடுத்த கிண்ண மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுப் போகணும். ஈரத்துண்டெல்லாம் இந்தத் தூசிக்கு ஆகாது. குடமே இல்லாம விட்டுறாதீங்கன்னு மட்டும் நர்சம்மா சொன்னாக. ஒண்ணாச்சும் தொங்குனாத்தான் இன்னைக்கு யாரோ காத்தைப் பாத்திருக்காகன்னு ஊருக்குத் தெரியுமாம்.

குடம் வாங்கப் போனா, கடையில நீலம் இருக்கு, பச்சை இருக்கு, மஞ்சள் இருக்கு. மறுபடியும் அதே கதையா? மூணும் ரோஸ் கலர்ல வாங்குனேன். ரோஸ் கலர்ல நமக்குத் தெரிஞ்சு ஒரு கட்சியும் இல்ல பாருங்க.

அன்னைல இருந்து ஊரே என் கம்பத்தைத்தான் பாத்துச்சு. "இன்னைக்கு எத்தனை குடம்?" இதுதான் பேச்சு. பாலு வாங்க வந்தாலும் அதான், பஸ்ஸுல ஏறுனாலும் அதான். பொண்ணு பாக்க வர்றவுக முந்துன நாளே போன் போட்டு, குடம் எத்தனை இருக்கும்னு கேக்குறாக. நான் என்ன, வானிலை ஆபீஸா? பரீச்சை அன்னைக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக ரெண்டு பேரு திருட்டுத்தனமா மூணாவது குடத்தை மாட்டி விட்டுட்டாளுக. ஊரே கதவைச் சாத்திருச்சு. டீக்கடைக்காரரு அன்னைக்கு என்னைப் பாத்த பார்வை இருக்கே.

இம்புட்டும் நல்லாத்தான் போச்சு. ஊருல எல்லாரும் கேட்டாக. ஒருத்தியத் தவுர. போதுமணி.

என் வீட்டுக்காரரோட தங்கச்சி. கீழ ஓடைத்தெருவுல இருக்கா. ஒண்டிக்கட்டை, மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. மாசி, பங்குனின்னா இலவங்காய் சீசன். பஞ்சுக்காரரோட களத்துல உக்காந்து காயை உடைச்சுப் பஞ்சு எடுக்கிற வேலை. அவளுக்கு ஏற்கனவே இளைப்பு. பஞ்சு வேற மூக்குல ஏறும். அதுல இந்தப் புகை.

எனக்கும் அவளுக்கும் நாலு வருசமாப் பேச்சு இல்ல. பெருசா ஒண்ணுமில்ல. மக கல்யாணத்துக்குப் பத்திரிகையை நேர்ல வந்து வைக்காம, பக்கத்து வீட்டுப் பொம்பளைகிட்டக் குடுத்து விட்டா. எங்கண்ணே, ஓடைத்தெருவுல இருந்து இங்க வர எத்தனை மைலு? பாலத்தைத் தாண்டி ஏறுனா என் கடை. அன்னைக்கு அவளுக்கு மேலுக்கு முடியலன்னு பெறகு சொன்னாக. முடியலன்னா மறுநாளு வர்றது. நான் கல்யாணத்துக்குப் போகல. என் வீட்டுக்காரரு போனாரு. அவரு ஏலத் தோட்டத்துல தங்கி வேலை, வாரத்துக்கு ஒருக்கா வர்றவரு. வந்தா முதல்ல தங்கச்சி வீடு, அப்புறந்தான் என் வீடு. அது தனிக் கதை.

ரெண்டு குடம் மாட்டுன அன்னைக்கு நான் ஆளனுப்பிச் சொல்லுவேன். "போதுமணிகிட்டச் சொல்லுங்க, வெளிய வர வேணாம்னு." ஒருத்தர் மாத்தி ஒருத்தர்கிட்டச் சொல்லி விடுவேன். சொன்னோமேம்பாக. ஆனாக் களத்துல அவ உக்காந்திருக்கான்னு சேதி வரும். இன்னொரு நாளும் அப்படித்தான். எனக்கு எப்படி இருக்கும்? கலெக்டரு கேக்குறாரு, கங்காணி கேக்குறாரு, எனக்கு நாத்தனாகாரி கேக்க மாட்டேங்குறா. நான் சொன்னதுக்காகவே வெளிய உக்காந்திருக்கா, வீம்புக்கு, அப்படின்னுதான் நெனைச்சேன். கலெக்டரு கேட்டாரான்னு கேக்காதீங்க, ஒரு பேச்சுக்குச் சொல்றது.

ஒரு நாளு நர்சம்மா கடைக்கு வந்தாக. "சிவனம்மா, போதுமணி உங்களுக்குச் சொந்தமாமே"ன்னாக.

"ஒரு காலத்துல"ன்னேன்.

"நேத்துச் சாயங்காலம் வந்தாங்க. மாஸ்க்கு வச்சு மருந்தாவி குடுத்து அனுப்புனேன். மூணு வார்த்தை பேசுறாங்க, நின்னு மூச்சு வாங்குறாங்க, அப்புறம் மூணு வார்த்தை. இப்படியே போனாத் தேனிக்குத் தூக்கிட்டு ஓடணும். வழியில என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"நான் சொல்லி விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்"னேன்.

"சொல்லி விடுறதெல்லாம் போதாது. நேர்ல போய்ச் சொல்லுங்க"ன்னாக.

நேர்லன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா நான் போனேன். நர்சம்மா சொன்னதுக்காகத்தான். மறுநாளு வெள்ளன, குடத்தை மாட்டிட்டு நேரா எறங்குனேன். அன்னைக்கு ஒரு குடந்தான். வழியெல்லாம் பேசவேண்டியதை ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன். பாலம் தாண்டி எறங்க எறங்கக் கண்ணு எரிஞ்சது. கோவத்துலயோன்னு நெனைச்சேன்.

களத்துல அவ மட்டும் உக்காந்திருக்கா. காய்க்குவியல் பக்கத்துல. என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தா, முடியல.

"குடம் தொங்குறது ஊருக்கே தெரியுது. உன் கண்ணுக்கு மட்டும் தெரியலயோ?"ன்னு எடுத்த எடுப்புலயே கேட்டுட்டேன்.

அவ பதில் சொல்ல நேரம் ஆச்சுண்ணே. மூச்சைப் புடிச்சுக்கிட்டு, விட்டு விட்டு. "இன்னைக்கு ஒரு குடந்தானே... மதினி... மாட்டியிருக்கீங்க."

இழுத்து மூச்சு வாங்கிட்டு மறுபடியும் அவளே சொன்னா.

"தெனமும் பாலத்துல நின்னு... பாத்துட்டுத்தான்... களத்துக்கு வருவேன். மூணுன்னா வரமாட்டேன். ரெண்டுன்னா... வரமாட்டேன். ஒண்ணுன்னா... நீங்க வரலாம்னுதானே... சொல்லியிருக்கீங்க."

"ரெண்டு குடத்தன்னைக்கு நீ உக்காந்திருந்தேன்னு சொன்னாக."

"அது நான் இல்ல... பஞ்சுக்காரரோட தங்கச்சி. என் சேலை மாதிரியே... அவளும் கட்டுவா."

அப்பத்தான் நான் சுத்தியும் பாத்தேன். என் கடைகிட்ட நின்னா மலை தெரிஞ்சது. இங்க பத்தடி தள்ளியிருக்க புளியமரத்துத் தூரு தெரியல. புகை அப்படியே தரையோட தரையா, இடுப்பு ஒசரத்துக்கு, ஓடையில தண்ணி வர்ற மாதிரி வந்து நிக்குது. அவ அதுக்குள்ள உக்காந்திருக்கா. ஒக்காந்தா மூக்கு அதுக்குள்ள. நின்னுக்கிட்டிருக்க எனக்கே இருமுது.

பக்கத்துல கெடந்த பைக்குள்ள இருந்து ஒரு மாசக் காலண்டரை எடுத்துக் காட்டுனா. ஒவ்வொரு தேதியிலயும் குடத்துக்கு ஒண்ணுன்னு வட்டம் போட்டிருக்கா. படுக்க முடியாம உக்காந்தே விடிஞ்ச நாளுக்கு ஒரு கோடு. ஒத்தை வட்டம் போட்ட நாளுலயும் கோடு இருந்துச்சு. ஏழோ எட்டோ.

"ஏன் இதை என்கிட்ட வந்து சொல்லல?"ன்னேன்.

"எப்படி மதினி வருவேன்?"ன்னா. அதுக்கு மேல பேச மூச்சு இல்ல. இருந்தாலும் என்ன சொல்லியிருப்பா.

கைத்தாங்கலாத் தூக்கி மேட்டுக்குக் கூட்டியாந்தேன். பாலத்துல ரெண்டு தடவை உக்கார வச்சேன். என் கடையில, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஸ்டூல்ல உக்கார வச்சுட்டு நர்சம்மாவுக்கு ஆளனுப்புனேன். அவுக ஆவி வச்சாக. அப்புறமா ரிஸ்வானாவுக்கு போன் போட்டேன்.

"எம்மா, உன் பெட்டி பொய் சொல்லுது"ன்னேன்.

அது கோவிச்சுக்கல. மறுநாளே வந்துருச்சு, கையில புடிக்கிற சின்ன மெஷினோட. வெள்ளன அஞ்சரைக்குச் சுகாதார நிலையத்து மாடியில பாத்துச்சு, நாப்பத்தெட்டு. ஓடைத்தெருவுல எறங்கிப் பாத்துச்சு, இருநூத்தி முப்பது. இன்னொரு தடவை பாத்துச்சு. இருநூத்தி நாப்பது. அந்தப் பொண்ணு மொகம் செத்துப்போச்சுண்ணே. "பெட்டி பொய் சொல்லலம்மா. அது இருக்க எடத்தைத்தான் சொல்லும். நான்தான் எடத்தைத் தப்பா வச்சிட்டேன். மேடு, கரண்டு வசதின்னு பாத்தேன், பள்ளத்தைப் பாக்கல"ன்னுச்சு. குளுந்த காத்து கனமாம். வெள்ளனக்குள்ள ஓடை வழியாவே புகையையும் இழுத்துக்கிட்டு எறங்கிப் பள்ளத்துல தேங்கிருமாம். பத்து மணி வெயிலு பட்டாத்தான் ஏறுமாம். போதுமணியோட காலண்டரை போட்டோ எடுத்துக்கிச்சு. அவகிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. எனக்குக்கூட என்னமோ மாதிரி இருந்துச்சு.

ஆக, பெட்டி தப்பான எடத்துல இருக்குன்னு நான்தான் கண்டுபிடிச்சேன். நான் மட்டும் அன்னைக்குக் கீழ போகலன்னா? அதை ஒரு பேப்பர்க்காரனும் எழுதல.

அதுக்கப்புறம் ஓடைத்தெருவுல ரெண்டாவது பெட்டி வந்துச்சு. பாலத்துக்குக் கீழ ரெண்டாவது கம்பம். ரோஸ் குடம் மூணு வாங்கிக் குடுத்தேன். அங்க மாட்டுறது போதுமணி. பஞ்சுக்காரருகிட்ட நர்சம்மா பேசுனாக. களத்து வேலையைப் பத்து மணிக்கு மேல மாத்திக்கிட்டாரு. அவரும் வீட்டுல சின்னப் புள்ளைய வச்சிருக்கவருதான். போதுமணிக்குக் கிண்ண மாஸ்க்கு, இழுக்கிற மருந்து, காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு.

பேச்சா? இல்லண்ணே, நாங்க பேசிக்கிறதில்ல. வெள்ளன ஆறு மணிக்கு அவ அவ கம்பத்துல மாட்டிட்டு எண்ணிக்கையைச் சொல்லுவா. நான் என்னோடதைச் சொல்லுவேன். கூப்புடுற தூரந்தான். அவளால மொதல்ல கத்த முடியல, எவர்சில்வர்த் தட்டைக் கரண்டியால தட்டுவா. மூணு தட்டுன்னா மூணு. நான் இங்கருந்து "ஒண்ணு"ம்பேன். அம்புட்டுத்தான். அதைப் பேச்சுன்னு சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரரு பேச்சுங்குறாரு. அவருக்கு என்ன தெரியும்.

வைகாசியில ஒரு நாளு, ஆறாச்சு, தட்டுச் சத்தம் இல்ல. ஆறே காலு. இல்ல. மெஷின்ல துணியை வச்சேன், ஊசி ஓடல. பாத்தேன், எறங்கி ஓடுனேன். குடம் மாட்டலயேன்னுதான். ஊரு பாத்துக்கிட்டிருக்குமே. செருப்புப் போடக்கூட மறந்துட்டேன்.

கதவு சாத்தியிருக்கு, தாழ்ப்பா போடல. தொறந்தேன். பாயில மல்லாக்கப் படுத்துக் கெடக்கா. மல்லாக்க. உக்காந்தே தூங்குறவ. கிட்டக்கப் போயி நின்னேன். நெஞ்சு ஏறுது, எறங்குது. சத்தமே இல்ல. அந்தக் கீச்சுக் கீச்சுன்னு வரும்ல, அது இல்ல. எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியல. தூங்குறா, அவ்வளவுதான். பல மாசத்துத் தூக்கம்.

எழுப்பாம வெளிய வந்தேன். போன்ல அந்தக் கீழப் பெட்டியோட எண்ணைப் பாத்தேன். முப்பத்தொண்ணு. முத தடவையா ஓடைத்தெருவுக்கு ஒரு குடம். அவ கம்பத்துல நானே ஒண்ணை மாட்டிட்டு வந்து வேலையைப் பாத்தேன்.

இந்தா, ஜிப்பு ஓடுது பாருங்க. வாரையும் ரெட்டைத் தையலாப் போட்டிருக்கேன்.

அப்புறமா? எட்டரை மணிக்கு எந்திரிச்சிருக்கா. பாலத்துல வந்து நின்னா. இடுப்புல கைய வச்சுக்கிட்டு மேட்டைப் பாத்து, "எவ அவ, என் கம்பத்துல கைய வச்சது? குடத்தை எண்ணி மாட்டத் தெரியாதவ மாதிரி எனக்கு ஒருத்தி வந்து மாட்டணுமோ, நான் என்ன செத்தா போயிட்டேன், வீட்டுக்குள்ள வந்தவ ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போனா கொறைஞ்சா போயிருவா, நாலு வருசமா வாசப்படி மிதிக்காதவ திருட்டுத்தனமா வந்துட்டுப் போறா பாரு"ன்னு ஆரம்பிச்சா பாருங்க. டீக்கடையில இருந்தவுகல்லாம் எந்திரிச்சு வந்துட்டாக.

நான் ஒரு வார்த்தை பதில் பேசல. நமக்கும் ரோசம் இருக்குல்ல. வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், கடைசி வரைக்கும். மூச்சு வாங்க ஒரு எடத்துல நிக்கலண்ணே அவ.